ஒல்லாந்து நிறத்தில் ஒரு வள்ளம்

தூத்துக்குடி,
10.6.1974

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

மருமகன் வில்பிரட் எழுதுவது. பரிசுத்த ஆவி திருநாளன்று கடற்கரையில் அத்தனை பேர் முன்னால் நீங்கள் என்னை ஏசியபோது நான் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. பயந்துவிட்டான் என்று நினைத்திருப்பீர்கள். பாதி பயம்தான். இங்கே ஒரு கல்யாண வீட்டுக்கு வந்த மாமனாரோடு மணலில் நின்று மல்லுக்கட்டினால் அது பேறுகாலத்துக்கு உங்கள் வீட்டில் இருக்கிற பிளாரன்ஸ் காதுக்கு எப்படிப் போய்ச் சேரும் என்ற யோசனை மீதிப் பாதி.

இப்போது சொல்லிவிடுகிறேன். எங்கள் கல்யாணத்துக்கு நீங்கள் கொடுத்த வள்ளம் நீலமும் வெள்ளையுமாக, மாதாவின் நிறத்தில் இருந்தது. ஈஸ்டருக்கு முந்திய பெரிய வாரத்தில் கடலுக்குப் போகாமல் கரையேறிக் கிடந்தபோது அது ஆரஞ்சு ஆகிவிட்டது. அதற்கு நான்தான் பொறுப்பு. ஆனால் ‘பனிமய மாதா’ என்ற பெயர் அழியவில்லை. முன்பைவிடப் பெரிய எழுத்தில் இருக்கிறது. கோபத்தில் நீங்கள் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

ஏன் ஆரஞ்சு என்று கேட்டீர்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இன்ஜின் பழுதாகி ஒரு ஒல்லாந்துக் கப்பல் வெளிக்கடலில் ஒரு மாதம் நின்றது. அதற்குத் தண்ணீரும் காய்கறியும் கொண்டுபோன வள்ளத்தில் நான் இருந்தேன். கப்பல்காரர்கள் சாயங்காலம் கரைக்கு வந்து எங்கள் டீமோடு கால்பந்து விளையாடினார்கள். ஒன்பதுக்கு ஒன்று என்று எங்களை அடித்துத் துவைத்துவிட்டார்கள். அந்த ஒன்று நான் போட்டது. கிளம்புகிற அன்று யாப் என்ற சமையல்காரன் தன் தேசத்து டீமின் ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தான். அன்றிலிருந்து ஒல்லாந்து டீம் உலகத்தில் எங்கே ஆடினாலும் நான் இங்கே பேப்பரில் முடிவைத் தேடிக்கொண்டிருக்கிறேன். இந்த வாரம் ஜெர்மனியில் உலகக் கோப்பை தொடங்குகிறது. இவ்வளவுதான் விஷயம்.

“ஒல்லாந்தான் நிறந்தானா கெடைச்சுது ஒமக்கு?” என்று நீங்கள் கேட்டபோதுதான் எனக்குப் பழைய ஒல்லாந்தர்கள் ஞாபகத்துக்கே வந்தார்கள். நான் நினைத்தது பதினொரு பேரை. நீங்கள் நினைத்தது முன்னூறு வருஷத்தை.

வீட்டுப் படி ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். பிளாரன்ஸுக்கு மாதம் நெருங்குகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போக அனுமதி கொடுங்கள்.

தங்கள் மருமகன்,
வில்பிரட்


சேசு மரி சூசை துணை

புன்னைக்காயல்,
13.6.74

மருமகப்பிள்ளை வில்பிரட்டுக்கு ஆசீர்வாதம்.

கடிதம் கிடைத்தது. சர்வேசுரன் கிருபையால் பிளாரன்ஸ் சுகம். என் தங்கச்சி ஞானபாய் கூடவே இருந்து கவனித்துக்கொள்கிறாள். வயிற்றில் பிள்ளை ஓயாமல் உதைக்கிறதாம். எந்தத் தேசத்துக்காக உதைக்கிறது என்று நான் கேட்கவில்லை.

பெயரைப் பெரிதாக எழுதியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மாதா பெயரை எழுதி அதைச் சுற்றி ஒல்லாந்தான் நிறத்தைப் பூசினால் அது மாதாவைச் சிறையில் வைத்த மாதிரி. அவன் முன்பு செய்ததும் அதுதான். இந்தக் கரைக்கு வந்து கோயில்களைப் பூட்டினான். சாமிமாரைத் துரத்தினான். நம் ஆட்கள் சொரூபங்களை ஒளித்து வைத்து, காட்டுக்குள் ஓலைக் கொட்டகை போட்டு அல்லவா பூசை கண்டார்கள்? அவன் வேதத்துக்கு வந்தால் இந்தச் சலுகை, அந்தச் சலுகை என்று ஆசை காட்டியும் ஒரு குடும்பம் போகவில்லை. முன்னூறு வருஷம் போகாத ஆள் இப்போது ஒரு சட்டைக்குப் போய்விட்டார். அவரும் என் வீட்டு மருமகனாக வாய்த்தார்.

நான் கல்நெஞ்சன் இல்லை. இந்த மாதம் இருபத்தொன்பதாம் தேதி அர்ச்சிஷ்ட இராயப்பர் சின்னப்பர் திருநாள். அன்று பங்குச் சாமியார் கரையில் நின்று தீர்த்தம் தெளித்து வள்ளங்களை மந்திரிப்பது உங்களுக்குத் தெரியும். அதற்குள் வள்ளம் பழையபடி நீலமாகட்டும். அதிலேயே ஏறி வாருங்கள். சீலா மீன் வாங்கிக் குழம்பு வைக்கச் சொல்கிறேன். அதுவரை படி ஏற வேண்டாம்.

சனிக்கிழமை ஒல்லாந்துக்கும் உருகுவே என்ற தேசத்துக்கும் ஆட்டம் என்று பிளாரன்ஸ் சொன்னாள். உனக்கு எப்படித் தெரியும் என்றேன். பேப்பரில் போட்டிருக்கிறது என்றாள். உருகுவே நம் வேதக்காரத் தேசம்தானாம், சாமியாரிடம் விசாரித்துவிட்டேன். கல்யாணத்தில் நீங்கள் எனக்குக் கொடுத்த ரேடியோவுக்குப் புது பாட்டரி போட்டிருக்கிறேன். உருகுவே ஜெயிக்க ஒரு ஜெபமாலை முழுவதும் சொல்லுவதாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
பர்னபாஸ் மச்சாது


தூத்துக்குடி,
17.6.1974

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

உருகுவே இரண்டுக்குச் சுழியம் என்று தோற்றதில் எனக்கு மிகவும் வருத்தம், தங்கள் ஜெபமாலையை நினைத்து. மற்றபடி எனக்குச் சனிக்கிழமை தூக்கமே வரவில்லை. சந்தோஷம் வந்தாலும் தூக்கம் போய்விடுகிறது.

நான் ஆட்டம் கேட்பது செந்தில்வேல் அண்ணாச்சியின் கடையில். கயிறும் ஆணியும் பெயிண்டும் விற்கிற கடை. பீரோ மாதிரி ஒரு ரேடியோ வைத்திருக்கிறார், அதில்தான் லண்டன் கரகரக்காமல் எடுக்கிறது. வள்ளத்துக்கு வேண்டிய பெயிண்டும் அவரிடம் வாங்கியதுதான். ஆரஞ்சு இருப்பில்லை என்று சிவப்பும் மஞ்சளும் கொடுத்தார். இரண்டையும் கலந்ததில் நிறம் கொஞ்சம் காவியாகத்தான் வந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு அண்ணாச்சி, “தம்பி, ஆவணித் திருவிழாவுக்குத் திருச்செந்தூருக்கு வள்ளம் விடுதீகளோ?” என்று ஆசையாகக் கேட்டார். இதையும் நானே உங்களிடம் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொன்னால் இன்னும் ஒரு குற்றம் சேரும்.

மாமா, நீங்கள் கொடுத்த வள்ளத்தில் என் டீமின் நிறம் இருக்கிறது. நான் கொடுத்த ரேடியோவை வைத்துக்கொண்டு நீங்கள் என் டீம் தோற்க ஜெபிக்கிறீர்கள். கணக்கு நேராகிவிட்டது என்று வைத்துக்கொண்டு என்னை உள்ளே விடக் கூடாதா?

பஸ்ஸில் வருகிறவரிடம் ஒரு பெட்டி மக்ரூன் கொடுத்து அனுப்புகிறேன். பிளாரன்ஸுக்கு முந்திரி மணத்தாலே வாந்தி நிற்கும். உங்களுக்கும் சேர்த்துத்தான். அதில் நிறம் ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளை.

வில்பிரட்


சேசு மரி சூசை துணை

புன்னைக்காயல்,
21.6.74

மருமகப்பிள்ளைக்கு ஆசீர்வாதம்.

மக்ரூன் வந்தது. பாதிக்கு மேல் நொறுங்கியிருந்தது. நொறுங்கியதை நான் தின்றேன், முழுதாக இருந்ததை உங்கள் பெண்டாட்டி தின்றாள்.

புதன்கிழமை சுவீடன் என்ற தேசத்தோடு ஆட்டம். சுவீடன்காரர்கள் யார் என்று சாமியாரிடம் கேட்டதற்கு, லூத்தர் சபை என்று சொல்லிவிட்டார். அவர்களுக்காக நான் எந்த மாதாவிடம் போய் நிற்பது? ஜெபமாலையை எடுத்தேன், திரும்ப மாட்டினேன். கடைசியில் இருவரும் கோல் போடவில்லை. வேதம் பிரிந்தவர்கள் இருவருக்கும் அதுதான் சரி.

அடுத்தது பல்கேரியாவாம். அது கம்யூனிஸ்டு தேசம் என்று சாமியார் தலையைச் சொறிகிறார். கோயிலைப் பூட்டினவனும் கோயிலைப் பூட்டுகிறவனும் மோதினால் நான் யார் பக்கம் நிற்பது? உங்களால் எனக்கு வந்து சேர்ந்த தலைவலிகளில் இதுவும் ஒன்று.

ரேடியோவில் பேசுவது இங்கிலீஷ். கொழும்பில் கொஞ்ச நாள் இருந்ததில் எனக்குச் சம்பளம், சரக்கு என்கிற அளவுக்குத்தான் வரும். பிளாரன்ஸ் கான்வென்டில் படித்தவள் அல்லவா, கேட்டுக் கேட்டுச் சொல்கிறாள். ஆனால் ஒன்று கவனித்தேன். சுவீடன்காரன் பந்தைக் கொண்டுபோகிறான் என்று நல்ல செய்தி சொல்லும்போது அவள் குரல் இறங்குகிறது. ஒல்லாந்தான் கொண்டுபோகிறான் என்றால் எழுந்து உட்காருகிறாள். வயிற்றுப் பாரத்தில் அப்படி இருக்கும் என்கிறாள் ஞானபாய்.

இருபத்தொன்பதாம் தேதியை மறக்க வேண்டாம். சீலா மீனுக்குச் சொல்லி வைத்துவிட்டேன்.

பர்னபாஸ் மச்சாது


தூத்துக்குடி,
27.6.1974

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

பல்கேரியாவை நான்குக்கு ஒன்று. நேற்று அர்ஜென்டீனாவை நான்குக்குச் சுழியம். அர்ஜென்டீனா முழுக்க முழுக்க வேதக்காரத் தேசம் என்பதால் நீங்கள் முழு ஜெபமாலை சொல்லியிருப்பீர்கள். இனிமேல் நான் கிண்டல் செய்யப் போவதில்லை. ஒருவர் முழங்காலில் நின்று கேட்பதைக் கிண்டல் செய்வது சரியில்லை என்று இன்று காலைப் பூசையில் எனக்கே தோன்றியது.

அவர்கள் ஆடுவது எப்படி என்று மட்டும் கேளுங்கள். எங்கள் டீமில் முன்னால் நிற்பவன் முன்னால்தான் நிற்பான், பின்னால் நிற்பவன் பின்னால். இவர்களிடம் அது கிடையாது. பின்னால் நிற்பவன் பந்தோடு முன்னே ஓடிவிட்டால், அவன் விட்ட இடத்துக்கு இன்னொருவன் கேளாமலே போய் நிற்கிறான். யார் இடம் என்று பார்ப்பதில்லை, இடம் காலியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். வள்ளத்தில் காற்று மாறும்போது நாம் செய்வதும் அதுதானே? பாய்க் கயிறு பிடித்தவன் தண்ணீர் இறைக்கக் குனிந்தால் பக்கத்தில் இருப்பவன் கயிற்றைப் பிடித்துக்கொள்கிறான். ‘பிடிலே’ என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. கடற்கரையில் அந்தச் சமையல்காரன் யாப் எங்கள் கோலுக்கு முன்னால் ஒரு நிமிஷமும், அவர்கள் கோலுக்கு முன்னால் மறு நிமிஷமும் நின்றதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் புரிந்தது. எனக்கு அந்த டீமைப் பிடித்தது இதனால்தான்.

இப்போது கஷ்டமான விஷயம். சனிக்கிழமைக்குள் வள்ளத்துக்கு நீலம் அடிக்க என்னால் முடியாது. வீம்பு என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். காரணம் கேட்டால் எனக்குச் சொல்ல வராது. படி ஏறக் கூடாது என்றீர்கள், ஏற மாட்டேன். கரையில் கால் வைக்கக் கூடாது என்றாலும் வைக்க மாட்டேன். ஆனால் பிளாரன்ஸைப் பார்த்து எழுபது நாளுக்கு மேல் ஆகிறது மாமா. வீட்டுக்கு வந்தால் யாரும் இல்லாத அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளை பிறக்கும்போது தகப்பன் வேற்றூரில் கடைவாசலில் ரேடியோ கேட்டுக்கொண்டு இருந்தான் என்று நாளைக்கு அது என்னைக் கேட்கும்.

வில்பிரட்


சேசு மரி சூசை துணை

புன்னைக்காயல்,
1.7.74

மருமகப்பிள்ளைக்கு.

திருநாள் நல்லபடி முடிந்தது. சாமியார் பூசை உடுப்பும் தீர்த்தம் நிறைந்த வெள்ளி வாளியுமாக வந்து கரையில் இருந்த வள்ளங்களை எல்லாம் மந்திரித்தார். நூற்றுக்கு மேல் இருக்கும், எல்லாம் நீலம். அந்த நேரத்தில் கடலில், கரைக்கு வராமல், பாயை இறக்கிக்கொண்டு ஒரு வள்ளம் நின்றது. யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. என்னைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

கரையில் கால் வைக்க மாட்டேன் என்று எழுதியதை நீங்கள் இப்படிக் காப்பாற்றுவீர்கள் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. கச்சான் காற்றில் அத்தனை நேரம் ஒரே இடத்தில் நிறுத்தி வைத்தது லேசான வேலை இல்லை. வள்ளத்தை நன்றாகத்தான் வைத்திருக்கிறீர்கள். நிறத்தைச் சொல்லவில்லை, மற்றதைச் சொல்கிறேன்.

பிளாரன்ஸ் ஞானபாயைப் பிடித்துக்கொண்டு கோயில் பக்கம் மணலில் நின்றாள். வெயில் ஏறுகிறது, வீட்டுக்குப் போ என்றேன். “நிக்கேம்பா” என்றாள். முந்தானையை எடுத்து வீசவும் இல்லை, அழவும் இல்லை. பார்த்துக்கொண்டே நின்றாள். வள்ளம் திரும்பி வடக்கே போய்ப் புள்ளியாகிற வரைக்கும் நின்றாள். மந்திரிப்பு முடிந்ததும் சாமியார் மீதித் தண்ணீரைக் கடலைப் பார்த்து வீசித் தெளித்தார். அது எதுவரை போய் விழுந்தது என்பது என் கையில் இல்லை.

சீலா மீன் குழம்பு மிஞ்சிவிட்டது.

நேற்று ஒல்லாந்திடம் கிழக்கு ஜெர்மனியும் தோற்றுவிட்டதாம். கம்யூனிஸ்டு என்பதால் நான் கண்டுகொள்ளவில்லை. புதன்கிழமை பிரேசில். பிரேசில்காரன் பேசுவது போர்த்துகீஸ் என்று சாமியார் சொன்னார். நம் முன்னோர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர்களின் பாஷை. என் பெயருக்குப் பின்னால் இருப்பதும் அவர்கள் பெயர்தான். இதைவிட எனக்கு வேறு டீம் வேண்டாம். கோயிலில் இரண்டு மெழுகுதிரி கொளுத்தப் போகிறேன். ஒன்று பிரேசிலுக்கு, ஒன்று பிளாரன்ஸின் பேறுகாலத்துக்கு.

பர்னபாஸ் மச்சாது


தூத்துக்குடி,
4.7.1974

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

ஒல்லாந்து பிரேசிலையும் ஜெயித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மேற்கு ஜெர்மனியோடு கடைசி ஆட்டம். இரண்டு வருஷமாக இந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்தவன் நான். செந்தில்வேல் அண்ணாச்சி எனக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்துத் தோளில் தட்டினார். குடித்தேன். இனிக்கவில்லை.

சனிக்கிழமை கடலில் நின்றபோது பிளாரன்ஸ் எவ்வளவு கனத்திருக்கிறாள் என்று பார்த்தேன். அவ்வளவு தூரத்திலிருந்தே தெரிந்தது. அப்போதே வள்ளத்தைக் கரைக்கு விட்டிருப்பேன், கொடுத்த வாக்கு தடுத்துவிட்டது. திரும்பி வரும்போது ஒன்று புரிந்தது. உலகக் கோப்பை நான்கு வருஷத்துக்கு ஒருமுறை வரும். தலைப்பிள்ளை ஒருமுறைதான் பிறக்கும்.

அதனால் நான் தோற்றுவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று அண்ணாச்சியிடம் நீலப் பெயிண்ட் வாங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அடிக்கத் தொடங்கினால் சாயங்காலத்துக்குள் முடியும். செவ்வாய்க்கிழமைக்குள் காய்ந்துவிடும். அன்றைக்கே வள்ளத்தில் வருகிறேன். என்னை உள்ளே விடுங்கள். பிளாரன்ஸிடம் இதை நீங்களே படித்துக் காட்டுங்கள். அவள் ஏதாவது சொன்னால், நான் யோசித்துத்தான் முடிவு செய்தேன் என்று சொல்லுங்கள்.

வில்பிரட்


சேசு மரி சூசை துணை

புன்னைக்காயல்,
8.7.74, திங்கள் காலை

அன்புள்ள மருமகப்பிள்ளை வில்பிரட்டுக்கு,

முதலில் முதல் செய்தி. நேற்று இரவு பிளாரன்ஸுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். மூக்கு உங்கள் மூக்கு, அதை ஒன்றும் செய்வதற்கில்லை. கடிதத்தைத் தபாலில் போடாமல் காலை பஸ்ஸில் வருகிற ஆளிடம் கொடுத்து அனுப்புகிறேன். வாசித்தவுடன் செய்ய வேண்டியது: பெயிண்ட் டப்பாவை மூடுங்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. நீங்கள் சொன்னபடி படித்துக் காட்டினேன், கொஞ்சம் பெருமையாகவே படித்தேன். நீலம் வாங்கிவிட்டேன் என்ற இடம் வந்ததும் அவள் தாளை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

“நீலம் அடிக்கப்பிடாதுப்பா. அதை ஆரஞ்சாக்கினது அவுக இல்ல, நாந்தான்” என்றாள்.

பெரிய வாரத்தில் வயிற்றுப் பிள்ளையோடு மணலில் உட்கார்ந்து, சிவப்பையும் மஞ்சளையும் கலந்து, அவளே அடித்தாளாம். நீங்கள் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லையாம். ஏன் என்று கேட்டேன். தை மாதம் ஒரு நாள் காற்று கெட்டுக் கிடந்தபோது உங்களைக் காணாமல் கரையில் நின்றிருக்கிறாள். தூரத்தில் ஒரு நீல வள்ளம் வந்திருக்கிறது. நீங்கள்தான் என்று நினைத்து வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்து வைத்திருக்கிறாள். வந்தது வேறு யாரோ. நீங்கள் வந்து சேர்ந்தது மறுநாள்.

“எல்லா வள்ளமும் நீலமாத்தான் இருக்கு. எது அவுக வள்ளம்னு தெரிய மாட்டேங்கு. ஒல்லாந்து நெறம்னு அவுகளுக்குச் சந்தோசம். எனக்கு அது தூரத்துல தெரியுத நெறம்.”

நான் வெளியே வந்து உட்கார்ந்துவிட்டேன். இவள் அம்மை, போய்ச் சேர்ந்த அந்தோணியம்மாளும் என் வள்ளம் எது என்று கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு நின்றவள்தான். அவள் ஒருநாளும் என்னிடம் இதைச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அன்றே உங்களுக்கு ஆள் அனுப்பியிருக்க வேண்டும், அந்த வீம்பு மட்டும் உடனே இறங்கவில்லை.

கடற்கரையில் அத்தனை பேர் முன்னால் நான் பேசியபோது ‘உங்கள் மகள் அடித்தது’ என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் நிற்க வேண்டிய இடத்தில் நீங்கள் போய் நின்றுகொண்டீர்கள். அந்த ஒல்லாந்தர்கள் ஆடுவது இதுதான் என்றால், அதை நான் இப்போது புரிந்துகொண்டேன்.

பிரேசிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதன்கிழமை அவர்கள் ஆடிய ஆட்டத்தைப் பிளாரன்ஸ் சொல்லக் கேட்டு எனக்கு வெட்கமாகப் போயிற்று. பந்தை விட்டுவிட்டு ஆளின் காலை உதைத்திருக்கிறார்கள். ஒருவனை வெளியே அனுப்பிவிட்டார்களாம். நமக்கு வேதம் கொடுத்தவர்கள் பாஷையைப் பேசிக்கொண்டு இப்படியா? அன்றே எனக்குப் பாதி மனது விட்டுப்போயிற்று.

நேற்று ஆட்டம் தொடங்கியபோது ஜெபமாலை என் கையில் இருந்தது. யாருக்காகச் சொல்வது என்று முடிவுக்கு வரவில்லை. ஜெர்மனிக்காரன் பந்தைத் தொடும் முன்னாலேயே ஒல்லாந்து ஒரு கோல் போட்டுவிட்டது. பிளாரன்ஸ் அதைச் சொல்லவில்லை, கத்தினாள். கத்தினவள் அப்படியே இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஞானபாய் அவளை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிட்டாள், மருத்துவச்சியும் வந்துவிட்டாள்.

நான் வாசலில் தனியாக அந்த இங்கிலீஷ் ரேடியோவோடு. எனக்கு விளங்கியது ஹாலண்ட், ஜெர்மனி, கோல் என்ற மூன்று வார்த்தைகள்தான். கொஞ்ச நேரத்தில் ஜெர்மனி, கோல் என்றான். பிறகு இன்னொரு முறை ஜெர்மனி, கோல் என்றான். உள்ளே இருந்து அவள் வலிக்கு நடுவில் சத்தம் போட்டுக் கேட்டாள், “எப்பா, யாரு முன்னால?”

மூன்று வாரமாக மாதாவிடம் நான் கேட்டுக்கொண்டிருந்தது நடந்துகொண்டிருந்தது. ஆனால் என் வாயில் வந்தது வேறு.

“ஒல்லாந்துதாம்மா முன்னால” என்றேன்.

இன்னும் இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் அதையே சொன்னேன். ஒல்லாந்து ஒன்று போட்டுவிட்டால் என் பொய் பாதியாவது மெய்யாகும் என்று ரேடியோவில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜெபமாலை விரலில் தானாக ஓடியது. யாருக்காக என்று இப்போதும் நீங்கள் கேட்க வேண்டாம். ஹாலண்ட், ஹாலண்ட் என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான், கோல் என்று மட்டும் சொல்லவில்லை. ஆட்டம் முடிந்து கொஞ்ச நேரத்தில் உள்ளே பிள்ளை அழுதது.

காலையில் உண்மையைச் சொன்னேன். “ஒங்க கொரல்லயே தெரிஞ்சுதுப்பா” என்றாள். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லிவிட்டேன். திரையின் அந்தப் பக்கத்தில் அவர் சிரித்தது எனக்குக் கேட்டது.

படி ஏறி வாருங்கள். அந்த நிறத்திலேயே வாருங்கள்.

மாமா,
பர்னபாஸ்


தூத்துக்குடி,
8.7.1974

அன்புள்ள மாமா,

கடிதம் கொண்டு வந்தவரிடமே பதில் கொடுத்து அனுப்புகிறேன். மூன்று முறை வாசித்தேன், ஒவ்வொரு முறையும் பிள்ளை பிறந்த இடத்தில் எழுத்து கலங்கிவிட்டது. கடைசியில் அண்ணாச்சிதான் உரக்கப் படித்துக் காட்டினார்.

ஒரு சிக்கல். நேற்று பூசை முடிந்து அடிக்கத் தொடங்கிவிட்டேன். இடது பக்கம் முழுவதும் நீலமாகிவிட்டது. வலது பக்கத்துக்கு வரும்போது இருட்டி, ஆட்ட நேரமும் ஆகிவிட்டதென்று கடைக்குப் போனேன். தோற்ற பிறகு இன்று காலையில் போய் அந்தப் பக்கத்தைத் தொட மனம் வரவில்லை. அதனால் வள்ளம் இப்போது ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் ஆரஞ்சு.

யோசித்துப் பார்த்தால் இதுவும் நல்லதற்குத்தான். தெற்கே புன்னைக்காயலுக்கு வரும்போது கரைக்குத் தெரிவது வலது பக்கம், வடக்கே திரும்பிப் போகும்போது இடது பக்கம். வரும்போது பிளாரன்ஸின் நிறம், போகும்போது உங்கள் நிறம். இருவருக்கும் சரியாகப் போகும். நீலம் காய்ந்ததும், நாளை மறுநாள் வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிடுகிறேன்.

டீம் தோற்றதற்கு நான் அழவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். கொஞ்சம் அழுதேன். கூட அழ வீட்டில் ஆளில்லாததால் சீக்கிரம் முடிந்துவிட்டது.

வில்பிரட்


சேசு மரி சூசை துணை

புன்னைக்காயல்,
16.7.74

அன்புள்ள மருமகனுக்கு,

நீங்கள் இருந்த ஐந்து நாளும் வீடு வீடாக இருந்தது. ஞானஸ்நானத்துக்குப் பிறகு குட்டி அந்தோணியம்மாள் நன்றாகத் தூங்குகிறாள். யாப்பின் சட்டையைத் தொட்டில் கயிற்றில் கட்டிவிட்டுப் போயிருக்கிறீர்கள். பார்த்தேன். அவிழ்க்கவில்லை.

நேற்று நீங்கள் கிளம்பியபோது பிளாரன்ஸ் வாசலில் நின்றுதான் பார்த்தாள், பச்சை உடம்புக்காரி என்று ஞானபாய் கரைக்கு விடவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனது நான். நீங்கள் சொன்னபடியே வள்ளம் வடக்கே திரும்பியதும் நீலப் பக்கம் தெரிந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது, ஒளிக்க மாட்டேன். கொஞ்ச நேரத்தில் தொழிலுக்குப் போகிற வள்ளங்கள் நாலைந்து குறுக்கே வந்தன. எல்லாம் நீலம். அதற்குப் பிறகு எது நீங்கள் என்று எனக்குத் தெரியவில்லை. இந்தக் கடலில் ஐம்பது வருஷம் கிடந்தவன் நான், பேத்தியைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணுக்கு மேல் கையை வைத்து நின்றேன். வீட்டுக்கு வந்ததும் பிளாரன்ஸ் கேட்டாள், “எதுவரைக்கும் தெரிஞ்சுதுப்பா?” மற்ற வள்ளங்கள் குறுக்கே வரும்வரைதான் என்றேன். இந்த முறை பொய் வரவில்லை.

ஆகையால் அந்த இடது பக்கத்தையும் ஆரஞ்சாக அடித்துவிடுங்கள். காவியாக வராமல் பார்த்துக் கலக்கச் சொல்லுங்கள் அண்ணாச்சியிடம். பெயரை இன்னும் கொஞ்சம் பெரிதாக எழுதுங்கள்.

மாதாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

உங்கள் மாமா,
பர்னபாஸ் மச்சாது